உதடு ஒட்ட மாட்டேன் என்கிறதா?

கல்யாண ஆல்பம் வந்திருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாயை விரித்து, பெண்கள் எல்லோருமாக உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஒரு படத்தில் எட்டு வயதுச் சிறுமி, பட்டுப் பாவாடையும் ஜிமிக்கியுமாக நிற்கிறாள். பக்கத்தில் அவளுடைய சித்தி. இரண்டு பேருக்கும் வாய் லேசாகத் திறந்திருக்க, மேல் முன்பற்கள் எட்டிப் பார்த்தன.

"சித்தியை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு பாரு! ரெண்டு பேருக்கும் வாயே மூடாது" என்றார் பாட்டி.

சிறுமியின் அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எத்தனை தடவைடி சொல்றது உனக்கு? வாயை மூடு!"

குழந்தை உதடுகளை இறுக்கி மூடினாள். மோவாய் சுருங்கிக் குழி குழியாயிற்று. கொஞ்ச நேரம்தான். மறுபடி வாய் திறந்துகொண்டது. "மூடினா மூச்சு விட முடியலைம்மா" என்றாள்.

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாக அதட்டினோமே, ஏன் என்று ஒரு தடவை கேட்கவில்லையே!

சித்திக்கு வயது 24. அவள் தன் கைப்பேசியை நீட்டினாள். "இதைப் பாருங்கக்கா. உதட்டுல ஊசி போட்டா அரை மணி நேரத்துல சரியாயிடுமாம். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. போட்டுக்கலாமா?"

தோற்றம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் காரணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. காரணம் வேறானால் சிகிச்சையும் வேறு. இது தெரியாமல் பணத்தைக் கொட்டி ஏமாறுகிறவர்களும், தக்க வயதில் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பிற்பாடு வருந்துகிறவர்களும் நம்மில் நிறையப் பேர். எனவே, சற்று விவரமாகவே பார்ப்போம்.

எது சகஜம், எது கவனிக்க வேண்டியது?

முகத்தைத் தளர்த்தி, எதையும் நினைக்காமல் உட்கார்ந்திருக்கும்போது சிலருக்கு உதடுகள் தாமாகவே ஒட்டியிருக்கும். இன்னும் பலருக்கு நூலளவு இடைவெளி இருக்கும். இரண்டுமே சகஜம்தான். இடைவெளி 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் போய், மூட வேண்டுமென்றால் முயற்சி செய்துதான் மூட வேண்டும் என்றிருந்தால், அதைத்தான் டாக்டர்கள் 'உதடு மூடாமை' என்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் அவசரப்படக் கூடாது. ஆறு, ஏழு வயதில் பால்பல் விழுந்து பெரிய முன்பற்கள் முளைக்கும்போது, அந்தச் சின்ன முகத்துக்குப் பல் பெரிதாகவும் உதடு குட்டையாகவும்தான் தெரியும். உதடு அதற்குப் பிறகும் வளர்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுவரை, ஆண் பிள்ளைகளுக்கு அதற்கு மேலும்கூட, அது நீண்டுகொண்டே வரும். பல குழந்தைகளுக்கு இந்த இடைவெளி தானாகவே குறைந்துவிடுவது இதனால்தான்.

ஏன் மூடுவதில்லை?

முக்கியமாக ஐந்து காரணங்கள் உண்டு. ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் சகஜம்.

முதலாவது, மூக்கடைப்பு. அலர்ஜியால் மூக்குச் சதை வீங்கியிருக்கலாம். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே இருக்கும் அடினாய்டு சதை பெருத்திருக்கலாம். மூக்கில் வழியில்லாவிட்டால் வாய்தானே வழி!

இரண்டாவது, பழக்கம். விரல் சூப்புவது, பாட்டிலையும் ரப்பர் காம்பையும் வெகு காலம் விடாமல் இருப்பது, விழுங்கும்போது நாக்கால் பல்லை முன்னே தள்ளுவது ஆகியவை பற்களை மெல்ல மெல்ல வெளியே சாய்த்துவிடும்.

மூன்றாவது, பல் எடுப்பாக இருப்பது. மேல்வரிசை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கலாம். மேலும் கீழும் இரண்டு வரிசையுமே முன்தள்ளியிருக்கலாம். இரண்டாவது வகை நம் தமிழ்க் குடும்பங்களில் பாட்டி, அம்மா, பெண் என்று வழிவழியாக வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

நான்காவது, தாடை எலும்பின் அமைப்பு. மேல்தாடை உயரவாக்கில் அதிகமாக வளர்ந்துவிட்டால் முகம் நீண்டு, சிரிக்கும்போது ஈறு முழுவதும் தெரியும். கீழ்த்தாடை உள்வாங்கியிருந்தாலும் உதடுகள் சந்திப்பது கஷ்டம்.

ஐந்தாவதாகத்தான் மேல் உதடே குட்டையாக இருப்பது. 'உதடு குட்டை' என்று வருகிறவர்களில் பலருக்கு உதட்டின் அளவு சரியாகவே இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் பல்லோ எலும்போதான் தூக்கலாக இருக்கும். உதட்டுப் பிளவுக்குத் தையல் போட்டவர்களுக்குத் தழும்பு இழுத்து உதடு குட்டையாவதும் உண்டு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நேற்றுவரை நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று ஒரு பக்கம் வாய் கோணி, உதடு மூடாமல், தண்ணீர் குடித்தால் வழிந்தால், அது முற்றிலும் வேறு சமாசாரம். முக நரம்பு பாதிப்பாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம். ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

குழந்தை டி.வி. பார்க்கும்போதும் வீட்டுப் பாடம் எழுதும்போதும் அவளுக்குத் தெரியாமல் கவனியுங்கள். நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தால் மூடிக்கொண்டுவிடுவாள்!

உதட்டை மூடச் சொல்லி மோவாயைப் பாருங்கள். சாத்துக்குடித் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகச் சுருங்கினால், கீழ் உதட்டை வலுக்கட்டாயமாக மேலே தூக்கி மூடுகிறாள் என்று அர்த்தம்.

சளி இல்லாத நாளில் ஒரு வாய் தண்ணீரை விழுங்காமல் அடக்கிக்கொண்டு, ஒரு நிமிஷம் மூக்கால் மூச்சு விடச் சொல்லுங்கள். முடிந்தால் மூக்கில் வழி இருக்கிறது; வாய் திறந்திருப்பது பழக்கமாகவோ பல் அமைப்பாகவோ இருக்கலாம். திணறினால் உடனே துப்பச் சொல்லிவிடுங்கள். அடுத்து நீங்கள் போக வேண்டியது காது மூக்கு தொண்டை டாக்டரிடம்.

ராத்திரி தூங்கும்போதும் பாருங்கள். குறட்டை, நடுநடுவே மூச்சு நின்று திடுக்கென்று புரளுவது, தலையணையில் எச்சில் கறை, காலையில் உலர்ந்த வாய், பகலில் தூக்கக் கலக்கம் இவையெல்லாம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

அழகு மட்டும்தானா?

"கண்ணுக்கு லட்சணமா இருந்தாப் போதாதா, வாயைப் பத்தி என்ன?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயம்தான். உதடு லேசாகத் திறந்திருப்பது நோயல்ல. உபத்திரவம் இல்லை, உங்களுக்கும் அது உறுத்தவில்லை என்றால் சிகிச்சையே தேவையில்லை. அடுத்த வீட்டுக்காரர் சொன்னார் என்பதற்காக யாரும் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் சில தொந்தரவுகள் வரலாம் என்பதும் உண்மை. எச்சில்தான் பல்லுக்கும் ஈறுக்கும் காவல். வாய் சதா திறந்திருந்தால் மேல் முன்பல் ஈறு காய்ந்து, சிவந்து, வீங்கி, பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். பல் சொத்தையும் சுலபமாக வரும். உதடு வெடிக்கும். உதட்டின் காவல் இல்லாமல் முன்னே நிற்கும் பற்கள், குழந்தை விழுந்தால் முதலில் அடிபடும். (நிரந்தரப் பல் முழுசாக விழுந்துவிட்டால், வேர்ப்பகுதியைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் கொண்டு போனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. இதை எல்லா அம்மாக்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

குழந்தைகளுக்கு: மூக்கு, பழக்கம், பிறகு பல்

இந்த வரிசை முக்கியம். மூக்கில் வழியில்லாத குழந்தையின் பல்லை மட்டும் சரி செய்து பயனில்லை.

அலர்ஜி என்றால் டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்பிரே தருவார். படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரா வாரம் வெந்நீரில் துவைத்துக் காயப்போடுவதும், வீட்டுக்குள் கொசுவத்திப் புகையைத் தவிர்ப்பதும் நம் கையில் இருக்கிறது. அடினாய்டு சதை மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் பெரிதாக இருந்து, பிறகு சிறுக்கத் தொடங்கும். மருந்துக்குக் கட்டுப்படாமல் தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டால்தான் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள்.

பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது மூக்கை உருவி விடுவது, மூக்கில் ஊதுவது, எண்ணெய் விடுவது இவையெல்லாம் வேண்டவே வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் விபரீதம். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது!

விரல் சூப்புவதை மூன்று, நான்கு வயதுக்குள் நிறுத்திவிட்டால், பல் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். நிரந்தரப் பல் முளைக்கும் ஆறாவது வயதுக்குப் பிறகும் தொடர்ந்தால்தான் சங்கடம். வேப்பெண்ணெய் தடவுவதையும் சூடு போடுவேன் என்று பயமுறுத்துவதையும்விட, "இன்னிக்கு விரல் வைக்கலையே, சமத்து!" என்று காலண்டரில் ஒரு நட்சத்திரம் போடுவது நன்றாக வேலை செய்யும். அதற்கும் மசியாத குழந்தைக்கு அண்ணத்தில் பொருத்தும் சிறு கம்பிச் சாதனம் இருக்கிறது.

உதட்டுக்குப் பயிற்சியும் உண்டு. பெரிய கோட்டுப் பொத்தானில் கெட்டி நூலைக் கோத்து, பொத்தானைப் பல்லுக்கு முன்னால், உதட்டுக்கு உள்ளே வைத்துக்கொண்டு, உதட்டை மூடி, நூலை மெல்ல இழுக்க வேண்டும். பொத்தான் வெளியே வராதபடி உதடு பிடித்துக்கொள்ள வேண்டும். விவரம் தெரிந்த குழந்தைக்கு மட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து செய்ய வையுங்கள். தசை தளர்ச்சிக்கும் பழக்கத்துக்கும் இது உதவும். எடுப்பான பல்லையோ எலும்பையோ இது நகர்த்தாது.

ஏழு வயது வாக்கில் ஒரு தடவை பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டிவிடுவது நல்லது. பெரும்பாலும், "இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், ஆறு மாசம் கழித்து வாருங்கள்" என்றுதான் சொல்வார். ஆனால் கீழ்த்தாடை உள்வாங்கியிருக்கும் குழந்தைக்குப் பருவம் தவறாமல் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. அதற்கு ஒரு கதையும் உண்டு.

ஸ்காட்லாந்தில் 1977-ல் ஒரு சிறுவன் விழுந்து மேல் முன்பல்லை இழந்தான். பல்லைத் திரும்பப் பொருத்தினார்கள். ஆனால் அவனுடைய கீழ் உதடு மேல் பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, பொருத்திய பல்லை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. டாக்டர் வில்லியம் கிளார்க் யோசித்து, மேல்வரிசைக்கு ஒன்றும் கீழ்வரிசைக்கு ஒன்றுமாக இரண்டு சரிவான பிளாஸ்டிக் கட்டைகள் செய்து கொடுத்தார். வாயை மூடினால் கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி, கீழ்த்தாடையை முன்னே கொண்டுவந்து நிறுத்தும். 'ட்வின் பிளாக்' என்ற அந்தச் சாதனம் இன்று நம் ஊர்ப் பல் ஆஸ்பத்திரிகளிலும் சகஜமாகிவிட்டது. வளர்ச்சி வேகமெடுக்கும் வயதில்தான் இது நன்றாகப் பலிக்கும். பெண் குழந்தைக்கு உத்தேசமாகப் பத்திலிருந்து பதின்மூன்று வயது. பெரியவளாகி இரண்டு மூன்று வருஷம் போனபின் வந்தால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது.

வளர்ந்தவர்களுக்கு: பல்லுக்குக் கம்பி

எலும்பு சரியாக இருந்து பல் மட்டும் எடுப்பாக இருந்தால், கம்பி கட்டுவதே நேரான வழி. எந்த வயதிலும் கட்டலாம். ஈறும் எலும்பும் பலமாக இருந்தால் போதும். உத்தேசமாக ஒன்றரையிலிருந்து இரண்டரை வருஷம் ஆகும். லேசான கோளாறுக்குக் கண்ணுக்குத் தெரியாத கழற்றி மாட்டும் உறைகளும் வந்திருக்கின்றன.

இரண்டு வரிசையும் முன்தள்ளியிருப்பவர்களுக்கு, நாலு பக்கமும் கோரைப் பல்லுக்கு அடுத்த சின்னக் கடைவாய்ப் பல்லை ஒவ்வொன்றாக, மொத்தம் நாலு பல் எடுக்கச் சொல்வார்கள். "சொத்தையே இல்லாத பல்லைப் பிடுங்கறதா!" என்று நம் மனசு பதறும். முன்பல் பின்வாங்க இடம் வேண்டுமே, அதற்காகத்தான். அந்த இடைவெளி கடைசியில் மூடிவிடும். பல் பின்வாங்கும்போது உதடும் பின்வாங்கும். ஆனால் பல் நகர்ந்த அளவுக்கு முழுதாக நகராது. இதை முன்கூட்டியே டாக்டரிடம் பேசித் தெளிந்துகொள்ளுங்கள். லேசான எடுப்புக்கு நாலு பல் எடுத்தால் முகம் ஒட்டிப்போனதாகத் தோன்றலாம். எனவே, சந்தேகம் இருந்தால் இன்னொரு நிபுணரின் அபிப்பிராயத்தையும் கேட்டுவிட்டே சம்மதியுங்கள்.

கம்பியைக் கழற்றியபின் கொடுக்கும் ரிட்டெய்னரை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். சொன்னபடி போடாவிட்டால் பல் பழைய இடத்துக்குத் திரும்பும். இரண்டு வருஷச் சிரமமும் வீண்.

எலும்பே காரணம் என்றால்

மேல்தாடை நீண்டு, ஈறு முழுவதும் தெரிகிறவர்களுக்குக் கம்பி மட்டும் போதாமல் போகலாம். 1901-ல் ரெனே லெ ஃபோர் என்ற பிரெஞ்சு டாக்டர், முக எலும்பு அடிபட்டால் எந்தெந்தக் கோடுகளில் உடைகிறது என்று ஆராய்ந்து எழுதினார். அதில் முதல் கோட்டை ஒட்டித்தான் இன்று மேல்தாடையை அறுத்து, மெல்லிய பட்டை எலும்பை எடுத்துவிட்டு, தாடையை மேலே ஏற்றி, டைட்டானியம் தகட்டால் பிணைக்கிறார்கள். முன்பற்கள் உள்ள எலும்பை மட்டும் பின்னே நகர்த்தும் ஆபரேஷனும் உண்டு. மோவாய் எலும்பை மட்டும் திருத்தினாலே கீழ் உதடு உயர்ந்து மூட உதவுவதும் சிலருக்கு உண்டு. பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறுவதால் முகத்தில் தழும்பு தெரியாது.

ஆனால் இது சின்ன விஷயமல்ல. முழு மயக்கம் கொடுத்துச் செய்வது. எலும்பு வளர்ச்சி முடிந்தபின்தான், பெண்களுக்குப் பதினேழு, பதினெட்டு வயதுக்குப் பிறகு செய்வார்கள். முன்னும் பின்னும் பல்லுக்குக் கம்பி வேண்டியிருக்கும். வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆகும். உத்தேசமாக ஆறு வாரம் கஞ்சி, கூழ், குழைத்த சாதம்தான். உதட்டிலும் ஈறிலும் மரத்துப்போன உணர்ச்சி சில மாதம் இருக்கும். சிலருக்குக் கொஞ்சம் நிரந்தரமாகவே தங்கிவிடும். மூக்கின் அடிப்பக்கம் லேசாக அகலலாம். அளவுக்கு மீறி ஏற்றிவிட்டால் பல்லே தெரியாமல் முகத்துக்கு வயது கூடிவிடும். அனுபவமுள்ள முகத்தாடை அறுவை நிபுணரிடம்தான் செய்துகொள்ள வேண்டும்.

ஊசியும் உதட்டுத் திருத்தமும்

இப்போது சித்தி காட்டிய விளம்பரத்துக்கு வருவோம். இரண்டு வகை ஊசிகள் உண்டு.

போடாக்ஸ் ஊசி, சிரிக்கும்போது மேல் உதட்டைத் தூக்கும் தசையைத் தளர்த்தும். ஈறு தெரிவது குறையும். மூன்று நான்கு மாதத்தில் பலன் போய்விடும். திரும்பப் போட வேண்டும். சும்மா இருக்கும்போது திறந்திருக்கும் வாயை இது மூடிவிடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் போட்டுக்கொள்ளக் கூடாது.

ஃபில்லர் ஊசி உதட்டைப் பருமனாக்கும். மெல்லிய உதட்டில் சிறு இடைவெளி இருப்பவருக்குக் கொஞ்சம் உதவும். ஆறு மாதம், ஒரு வருஷம் நிற்கும். எடுப்பான பல்லுக்கு முன்னால் உதட்டையும் பருமனாக்கினால் வாய் இன்னும் முன்னே வந்த மாதிரிதான் தெரியும். மருந்து தவறி ரத்தக் குழாயை அடைத்துவிட்டால் அந்த இடத்துச் சதையே அழுகிப்போகலாம். தகுதி பெற்ற டாக்டரிடம் தவிர, பியூட்டி பார்லரில் இதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உதட்டுக்கு உள்பக்கத்தில் திருத்தி, உதடு அதிகம் மேலே ஏறாமல் தைப்பதும், உள்தோலை நகர்த்தி உதட்டைச் சற்று நீட்டுவதும் உண்டு. தக்கவர்களுக்குப் பலன் தரும். நாளாவட்டத்தில் தளர்ந்துபோவதும் உண்டு. 'லிப் லிஃப்ட்' என்று மூக்குக்குக் கீழே தோலை எடுத்து உதட்டைத் தூக்கும் சிகிச்சையை விளம்பரத்தில் பார்த்தால் விலகிவிடுங்கள். அது மேல் உதட்டைக் குட்டையாக்குவது. உங்களுக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறு!

ராத்திரி வாயில் டேப் ஒட்டிக்கொண்டு தூங்குவது இப்போது ஒரு புது மோகம். மூக்கடைப்புள்ள குழந்தைக்கு இதைச் செய்வது ஆபத்து. செய்யவே செய்யாதீர்கள்.

டாக்டரிடம் கேளுங்கள்

தயங்காமல் நாலு கேள்வி கேளுங்கள். எனக்குக் காரணம் மூக்கா, பல்லா, எலும்பா, உதடா? ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்? எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு செலவு? கடைசியில் உதடு தானாக மூடுமா, இடைவெளி குறைய மட்டும் செய்யுமா? பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் பல்லைப் பிடுங்கச் சொன்னால் யோசியுங்கள்.

செலவுக்குப் பயந்து விட்டுவிட வேண்டாம். சென்னையில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பிற ஊர்களில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும், ஆசிரியர்கள் மேற்பார்வையில், வெளியில் ஆவதைவிடக் குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். காத்திருக்க வேண்டும், பல தடவை போக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த இருவரும் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா?

சிறுமிக்கு அலர்ஜியும் அடினாய்டு வீக்கமும் இருந்தது. ஸ்பிரேயிலேயே நல்ல குணம். மூக்கில் வழி கிடைத்தபின் பொத்தான் பயிற்சி. இப்போது குறட்டை இல்லை. தூக்கத்தில் பெரும்பாலும் வாய் மூடியிருக்கிறது. பல்லுக்கு வைத்தியம் வேண்டுமா என்று பத்து வயதில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சித்திக்குக் காரணம் இரண்டு வரிசைப் பற்களும் முன்தள்ளியிருப்பது. "ஊசியில் இது சரியாகாது, மூன்று மாதத்திலும் முடியாது" என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இரண்டு நாள் அழுதாள். பிறகு அவளே மாப்பிள்ளைக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். "அதுக்கென்ன, கம்பியோடவே கல்யாணம் பண்ணிக்கலாமே" என்றாராம் அவர். நிச்சயதார்த்தப் படத்தில் அவள் வாய் லேசாகத் திறந்துதான் இருக்கிறது. கல்யாணப் படத்தில் பல்லில் கம்பி மின்னுகிறது. இரண்டிலும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்த வீட்டில் இப்போது ஒரு சத்தம் மட்டும் கேட்பதில்லை: "வாயை மூடு!"